ஃபார்மேட் கட்டளை டிஸ்க்கில் எதை எழுதுகிறது?

கணினி மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மேட் அடித்துவிடுங்கள். வைரஸ் புகுந்துவிட்டதா, ஃபார்மேட் அடித்துவிடுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவுவதும் ஃபார்மேட், செல்பேசியை வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்புவதும் ஃபார்மேட், பழைய மடிக்கணினியை விற்கும் முன் உள்ளே இருப்பதைத் துடைப்பதும் ஃபார்மேட். பழுது பார்க்கும் கடைகளில் இந்த ஒரு சொல் சகல நோய்க்கும் மருந்தாகப் புழங்குகிறது. உண்மையில் இவற்றில் பல, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வேலைகள்.

இந்தக் குழப்பத்தால் நேரெதிரான இரண்டு நம்பிக்கைகள் ஒரே ஆளிடம் சேர்ந்து குடியிருப்பதைப் பார்க்கலாம். ஃபார்மேட் செய்தால் எல்லாம் அடியோடு போய்விடும் என்பது ஒன்று. ஃபார்மேட் செய்தாலும் காசு கொடுத்தால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, ஃபார்மேட் செய்யும் கட்டளை டிஸ்க்கின் எந்த இடத்தில் எதை எழுதுகிறது என்று பார்த்தால் போதும்.

பார்ப்பதற்கு லினக்ஸின் டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரை, நல்ல இடம். அது பச்சைப் பட்டையை ஓடவிட்டு நம்மைக் காக்க வைப்பதில்லை. செய்த வேலையை வரிவரியாகச் சொல்லிவிடுகிறது. உதாரணத்துக்கு ஒரு 16 ஜிபி பென் டிரைவை, லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்வோம். கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது, பெரிய எழுத்து என்று சொன்ன இடம் தவிர, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

## டிஸ்க்குக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு எதுவானாலும் அடிப்படையில் அது எண் போட்ட சிறு பெட்டிகளின் நீண்ட வரிசை. ஒரு பெட்டிக்கு செக்டார் என்று பெயர்; வழக்கமான அளவு 512 பைட். நம் 16 ஜிபி பென் டிரைவில் சுமார் 3 கோடியே 12 லட்சம் செக்டார்கள் இருக்கும். டிஸ்க்குக்குப் புரியும் கட்டளைகள் மிகக் குறைவு: இந்த எண்ணில் இருப்பதைக் கொடு, இந்த எண்ணில் இதை எழுது. கல்யாணப் படம், கோப்புறை, கோப்பின் பெயர், தேதி என்பவை எதுவும் அதற்குத் தெரியாது. இவையெல்லாம் அந்தப் பெட்டிகளுக்கு மேல் நாம் கட்டிய கணக்கு.

ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கை எண்ணிப் பாருங்கள். உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி இரண்டு மூன்று அறைகளாகப் பிரிப்பது ஒரு வேலை. ஒவ்வோர் அறையிலும் தரையில் கட்டம் போட்டு எண் எழுதி, வாசலில் ஒரு வெற்று இருப்புப் பேரேட்டை வைப்பது இன்னொரு வேலை. சுவர் எழுப்புவதுதான் பார்ட்டிஷன் பிரிப்பது. கட்டம் போட்டுப் பேரேடு வைப்பதுதான் ஃபார்மேட். அதன்பிறகு சரக்கு வரும். “பொன்னி அரிசி, 12 மூட்டை, கட்டம் 40 முதல் 51 வரை” என்று பேரேட்டில் வரவு ஏறும்.

இப்போது அதே அறையை மறுபடி ஃபார்மேட் செய்தால் என்ன நடக்கும்? பழைய பேரேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதே இடத்தில் புதிய வெற்றுப் பேரேடு வைக்கப்படும். மூட்டைகளை யாரும் தொடுவதில்லை. ஆனால் பேரேட்டைப் பார்க்கும் கணக்கருக்கு அறை காலி. கிடங்கு உவமை இதோடு நின்றுவிடுகிறது. நிஜக் கிடங்கில் புதுச் சரக்கு கொண்டுவருகிறவர் பழைய மூட்டையில் இடித்துக்கொள்வார். டிஸ்க்கில் இடிப்பதற்கு எதுவும் இல்லை. பழையதின் மேலேயே புதியது எழுதப்படும், பழையது அந்தக் கணத்தில் போய்விடும்.

## பிரிப்பது வேறு, ஃபார்மேட் வேறு

பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் “இந்த செக்டாரிலிருந்து இத்தனை செக்டார்” என்று குறித்து வைத்த ஒரு பகுதி. குறிப்பு எழுதப்படும் இடம் டிஸ்க்கின் தொடக்கம். எம்பிஆர் என்ற பழைய முறையில் எல்லாக் குறிப்பும் முதல் செக்டாருக்குள் அடங்கிவிடும். அதிலுள்ள 512 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு ஒதுக்கியது வெறும் 64 பைட். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு வரிகள். 1983-இல் ஐபிஎம் பிசி டாஸ் 2.0-உடன் வந்த ஏற்பாடு இது. “நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது” என்று பழைய கணினிகளில் வந்த தொல்லைக்குக் காரணம் அந்த 64 பைட்தான். செக்டார் எண்ணை எழுத 32 பிட் இடமே இருப்பதால், சுமார் 2.2 லட்சம் கோடி பைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கையும் அதனால் முழுதாக ஆள முடியாது. இப்போதைய கணினிகளில் இருக்கும் ஜிபிடி என்ற புதிய முறையில் வழக்கமாக 128 வரிகள் உண்டு. அட்டவணையின் நகல் ஒன்றும் டிஸ்க்கின் கடைசியில் பத்திரமாக இருக்கும்.

எஃப்டிஸ்க், பார்ட்டட் போன்ற கருவிகள் இந்த அட்டவணையை மட்டுமே எழுதுகின்றன. எனவே பார்ட்டிஷனை அழிப்பது என்றால் அட்டவணையில் ஒரு வரியை அழிப்பது, அவ்வளவே. அதே தொடக்க எண்ணும் அதே முடிவு எண்ணும் கொடுத்துப் பார்ட்டிஷனை மறுபடி உருவாக்கினால், உள்ளே இருந்த கோப்புகள் அப்படியே தெரியும். எஃப்டிஸ்க் நடுவில் “இங்கே எக்ஸ்ட்4 அடையாளம் ஒன்று இருக்கிறது, நீக்கிவிடவா?” என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

அட்டவணை வரியில் ‘வகை’ என்று ஒரு குறியீடும் இருக்கிறது. லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு 83 என்று இருக்கும். எஃப்டிஸ்க்கில் இந்த எண்ணை மாற்றிவிட்டு ஃபார்மேட் முடிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது கதவில் ஒட்டிய சீட்டு மட்டும். சீட்டை மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. உள்ளே ஃபார்மேட்டை மாற்றினாலும் சீட்டு தானாக மாறாது.

ஆக, பார்ட்டிஷன் கருவி எல்லையை எழுதுகிறது, ஃபார்மேட் கருவி அந்த எல்லைக்குள் கணக்கை எழுதுகிறது. ஒன்றைச் செய்தால் மற்றது நடந்துவிடாது. இனி வருவது இரண்டாவதைப் பற்றி.

## கணக்கில் என்னென்ன பக்கங்கள்

எந்தக் கோப்பு எந்தப் பெட்டிகளில் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். எக்ஸ்ட்4 அப்படி ஒன்று. 1992-இல் எக்ஸ்ட் என்று தொடங்கி, 1993-இல் எக்ஸ்ட்2, 2001-இல் எக்ஸ்ட்3 என்று வளர்ந்து, 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.28 பதிப்பில் முழுமை பெற்ற குடும்பத்தின் இப்போதைய தலைமுறை.

செக்டார் கணக்கு வைக்கப் பொடியான அலகு என்பதால், எக்ஸ்ட்4 எட்டு செக்டார்களைச் சேர்த்து 4096 பைட் கொண்ட ஒரு பிளாக்காக எடுத்துக்கொள்கிறது. இடம் ஒதுக்கும்போது பிளாக் பிளாக்காகத்தான் ஒதுக்கும். 10,000 பைட் கடிதத்துக்கு மூன்று பிளாக். மூன்றாவதில் மிச்சம் இருக்கும் இடம் வீண். ஒரே ஓர் எழுத்து கொண்ட கோப்புக்கும் ஒரு பிளாக். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை நகல் எடுத்தால் கோப்புகளின் மொத்த அளவைவிட அதிக இடம் பிடிப்பது இதனால்தான்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்று 256 பைட்டில் ஒரு பதிவு உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், கடைசியாக மாறிய நேரம், எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இருக்காது. பெயர் இருப்பது கோப்புறையில். கோப்புறை என்பது “இந்தப் பெயருக்கு இந்த ஐநோட் எண்” என்ற பட்டியல்தான். கடிதத்தைத் திறக்கும்போது கணினி முதலில் கோப்புறையில் பெயரைத் தேடி எண்ணை எடுக்கிறது, அந்த எண்ணுள்ள ஐநோட்டைப் படிக்கிறது, அது காட்டும் மூன்று பிளாக்குகளை வாசிக்கிறது.

எந்த பிளாக் காலி என்று அறிய பிட்மேப் இருக்கிறது. ஒரு பிளாக்குக்கு ஒரு பிட். 1 என்றால் நிரம்பியது, 0 என்றால் காலி. இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு பிட்மேப் ஒரு பிளாக்கில் அடங்க வேண்டும். 4096 பைட் என்றால் 32,768 பிட். எனவே ஒரு பிட்மேப்பால் 32,768 பிளாக்குகளை மேய்க்க முடியும். அது சுமார் 13 கோடி பைட். எக்ஸ்ட்4 முழுப் பார்ட்டிஷனையும் இந்த அளவுள்ள குழுக்களாக வெட்டிக்கொள்கிறது. நம் பென் டிரைவில் 120 குழுக்கள் வரும். இந்த 32,768 என்ற எண் சற்று நேரத்தில் திரையில் தலைகாட்டும்.

இந்தக் கணக்கு முழுவதற்கும் முகப்புப் பக்கம் சூப்பர்பிளாக். பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி அது இருக்கும். மொத்தம் எத்தனை பிளாக், எத்தனை ஐநோட், பிளாக்கின் அளவு என்ன, கடைசியாகச் சரியாக மூடப்பட்டதா என்பதெல்லாம் அதில் உண்டு. “இது எக்ஸ்ட் குடும்பம்” என்று சொல்லும் ஓர் அடையாள எண்ணும் உண்டு. கணினி ஒரு பார்ட்டிஷனை இன்ன வகை என்று கண்டுகொள்வது அந்த எண்ணைப் பார்த்துத்தான், அட்டவணையில் ஒட்டிய சீட்டைப் பார்த்து அல்ல.

மீதி இருப்பது ஜர்னல். கணக்கில் ஒரு மாற்றம் செய்யும் முன் அதை ஓரமாகக் குறித்துக்கொள்ளும் இடம் அது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மறுபடி இயங்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துக் கணக்கை நேர் செய்துகொள்ளும்.

காலியான பிட்மேப்புகள், காலியான ஐநோட்டுகள், ஒரு சூப்பர்பிளாக், ஒரு ஜர்னல், ஒன்றுமில்லாத ஒரு மேல்மட்டக் கோப்புறை. எக்ஸ்ட்4 ஃபார்மேட் எழுதுவது முக்கியமாக இவற்றைத்தான்.

## கட்டளையை ஓட்டும்போது

முதல் வேலை, எந்த டிஸ்க் என்று உறுதி செய்துகொள்வது. ஃபார்மேட் விபத்துகளில் பெரும்பாலானவை நடப்பது இங்கேதான், கட்டளையில் அல்ல. பென் டிரைவைச் செருகும் முன் எல்எஸ்பிஎல்கே என்று ஒருமுறை தட்டுங்கள். இருக்கும் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். செருகிய பின் இன்னொரு முறை தட்டுங்கள். புதிதாக முளைத்த வரி எதுவோ அதுதான் உங்கள் பென் டிரைவ். எஸ்டிபி என்று ஒரு வரியும், அதன் கீழே கிளையாக எஸ்டிபி1 என்று ஒரு வரியும் தெரியும். முதலாவது முழு டிஸ்க். இரண்டாவது அதிலுள்ள முதல் பார்ட்டிஷன். அளவு 14.9 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். பெட்டியில் அச்சடித்தவர் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்கிறார். இந்தக் கட்டளை 107 கோடியே 37 லட்சம் பைட்டை ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது. யாரும் ஏமாற்றவில்லை.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை மனப்பாடம் செய்வது ஆபத்து. கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டுபிடித்ததோ அதற்கு முதல் எழுத்து. நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசியாக இருக்கலாம். ஆகவே பழைய கட்டளையை மேல் அம்புக்குறி அழுத்தி வரவழைத்து அப்படியே ஓட்டும் பழக்கம் மற்ற எங்கும் செல்லம், இங்கே வினை.

அடுத்து, பார்ட்டிஷனை விடுவிக்க வேண்டும். ஒரு பார்ட்டிஷனைக் கணினியின் கோப்புறை மரத்தில் ஓரிடத்தில் இணைப்பதற்கு மவுன்ட் செய்வது என்று பெயர். பெரும்பாலான லினக்ஸ்களில் பென் டிரைவைச் செருகியதும் அது தானாக மவுன்ட் ஆகிவிடும். விடுவிக்கும் கட்டளை யுமவுன்ட். ‘யு’வுக்கும் ‘எம்’முக்கும் நடுவில் ‘என்’ என்ற எழுத்து கிடையாது, அதையும் சேர்த்துத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும்.

சூடோ யுமவுன்ட் /டெவ்/எஸ்டிபி1

சூடோ எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 -எல் தகவல் /டெவ்/எஸ்டிபி1

இரண்டாவது வரிதான் ஃபார்மேட். சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்பது, நடுவில் உள்ளது கருவியின் பெயர், கடைசியில் இலக்கு. ‘-எல்’ என்ற பெரிய எழுத்துக்குப் பின் வருவது பார்ட்டிஷனுக்கு நாம் வைக்கும் பெயர். தமிழிலும் பெயர் வைக்கலாம், ஆனால் எக்ஸ்ட்4 கொடுக்கும் இடம் 16 பைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் அங்கே 3 பைட் எடுக்கும்; உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘தகவல்’ என்பதில் ஐந்து குறியீடுகள், 15 பைட், மயிரிழையில் தப்பிவிடுகிறது. ‘ஆவணங்கள்’ 24 பைட், முழுதாக ஏறாது.

பார்ட்டிஷன் இன்னும் மவுன்ட் ஆகியிருந்தால் கட்டளை வேலை செய்ய மறுத்துவிடும். உள்ளே ஏற்கெனவே வேறு கோப்பு முறைமை இருந்தால், இன்ன வகை இருக்கிறது, மேற்கொண்டு போகலாமா என்று ஒருமுறை கேட்கும். இந்தக் கேள்வியை எல்லாக் கருவிகளிடமும் எதிர்பார்க்க முடியாது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையின் கருவி ‘கட்டாயம் செய்’ என்று தனியாகச் சொன்னால்தான் பழையதின் மேல் எழுதும். ஃபேட் முறைக்கான எம்கேஎஃப்எஸ்.விஃபேட் பழைய கோப்பு முறைமை இருக்கிறதே என்றெல்லாம் கேட்பதில்லை, எழுதிவிட்டுத்தான் மறுவேலை.

சம்மதம் சொன்னதும் சில வரிகள் ஓடும். ஓடட்டும் என்று விடாமல் படித்துப் பாருங்கள். மேலே சொன்ன ஒவ்வொன்றும் அதில் வரும். முதலில் பிளாக்குகளின் எண்ணிக்கை, சுமார் 39 லட்சம். கூடவே ஐநோட்டுகள், சுமார் 9 லட்சத்து 76 ஆயிரம். 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோட் என்ற இயல்பான விகிதத்தில் வருவது இது. இந்தப் பார்ட்டிஷனில் அதற்கு மேல் கோப்புகள் வைக்க முடியாது என்றும் அதற்குப் பொருள். இடம் இருந்தும் “இடம் இல்லை” என்று சர்வர்கள் சில சமயம் அடம் பிடிப்பது, குட்டிக் கோப்புகள் குவிந்து ஐநோட்டுகள் தீர்ந்துபோவதால்.

அடுத்து யுயுஐடி என்று நீண்ட எழுத்துக் கோவை ஒன்று வரும். அது இந்தக் கோப்பு முறைமைக்கு இப்போது பிறந்த 128 பிட் அடையாள எண். எஸ்டிபி என்ற பெயர்போல இது செருகும் வரிசையைப் பொறுத்து மாறாது. ஆனால் ஒவ்வொரு ஃபார்மேட்டிலும் புதிதாகப் பிறக்கும். கணினி துவங்கும்போது எதையெதை மவுன்ட் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண் இருந்தால், அதைத் திருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை துவங்கும்போது கணினி இல்லாத டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, அவசரநிலைத் திரையில் போய் நின்றுகொள்ளும். புதிய டிஸ்க் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

அதன்பின் வரும் எண் வரிசைதான் எனக்குப் பிடித்தது: 32768, 98304, 163840, 229376, 294912, 819200, 884736, 1605632, 2654208. சூப்பர்பிளாக்கின் நகல்கள் வைத்திருக்கும் பிளாக் எண்கள் இவை. ஒவ்வொன்றையும் 32,768-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1, 3, 5, 7, 9, 25, 27, 49, 81. குழு எண் 0-இலிருந்து தொடங்கும்; எண் 1 உள்ள குழுவிலும், பிறகு 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளாக வரும் குழுக்களிலும் ஒவ்வொரு நகல். எல்லாக் குழுவிலும் வைத்தால் இடம் வீண், ஒன்றே ஒன்று வைத்தால் ஆபத்து என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. தொடக்கத்திலுள்ள சூப்பர்பிளாக் கெட்டால் “32768-இல் உள்ள நகலைப் பார்” என்று பழுது நீக்கும் கருவிக்குச் சொல்லலாம். இந்த வரிசையை ஒரு தாளில் குறித்து வைப்பது வீண் வேலை அல்ல.

கடைசியில் ஐநோட் அட்டவணை, 16,384 பிளாக் அளவுள்ள ஜர்னல், சூப்பர்பிளாக்குகள் என்று ஒவ்வொன்றாக எழுதி முடித்ததாகச் சொல்லிவிட்டுக் கட்டளை ஓய்ந்துவிடும்.

பென் டிரைவை மறுபடி மவுன்ட் செய்தால் புதியவர்களுக்கு இரண்டு அதிர்ச்சிகள் காத்திருக்கும். ஒன்று, காலியாக இருக்க வேண்டிய இடத்தில் லாஸ்ட்+ஃபவுண்ட் என்று ஒரு கோப்புறை. வைரஸ் இல்லை, பழுது நீக்கும்போது பெயர் தொலைந்த கோப்புகளைப் போட்டு வைக்க எக்ஸ்ட்4 உருவாக்கியது. இரண்டு, எதையும் நகல் எடுத்துப் போட முடியாது, அனுமதி இல்லை என்று வரும். நிர்வாகி உரிமையோடு ஃபார்மேட் செய்ததால் மேல்மட்டக் கோப்புறை நிர்வாகிக்குச் சொந்தம். சவுன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

## இவ்வளவு சீக்கிரம் முடிந்தது எப்படி?

16 ஜிபியை முழுக்க எழுத ஒரு சாதாரண பென் டிரைவுக்குப் பல நிமிடம் பிடிக்கும். ஃபார்மேட்டோ சில விநாடிகளில் முடிகிறது. எழுதியதைக் கூட்டினால் காரணம் விளங்கும். 9.76 லட்சம் ஐநோட்டுகள், ஒவ்வொன்றும் 256 பைட்: சுமார் 25 கோடி பைட். ஜர்னல் 6.7 கோடி பைட். பிட்மேப்புகளும் மற்றவையும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 1600 கோடியில் ஏறக்குறைய 2 சதவீதம். அந்த 2 சதவீதத்திலும் ஐநோட் அட்டவணையைப் பூஜ்ஜியமாக்கும் வேலையைக் கருவி பெரும்பாலும் கெர்னலின் தலையில் தள்ளிவிடும். முதல் முறை மவுன்ட் செய்த பின் கெர்னல் அதைப் பின்னணியில் செய்து முடிக்கும். எந்தக் கோப்பையும் நகல் எடுக்காதபோதே பென் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பது அதனால்தான்.

மீதி 98 சதவீத இடத்தை நம் பென் டிரைவில் யாரும் தொடவில்லை. பழைய படங்கள் அங்கேதான் கிடக்கின்றன, கணக்குதான் இல்லை. ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகள் கணக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். டிஸ்க் முழுவதையும் முதலிலிருந்து துழாவி, அப்படித் தொடங்கும் இடங்களைப் பிடித்து, அங்கிருந்து படத்தை எடுத்துவிடும். கோப்பின் பெயரும் கோப்புறையும் கிடைக்காது, துண்டுதுண்டாகச் சிதறி இருந்த கோப்புகள் சரியாக வராது, புதிய தகவல் மேலே ஏறிய இடங்கள் திரும்பவே திரும்பாது. மீட்கலாம் என்பதில் உள்ள பாதி உண்மை இவ்வளவே.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் கதை வேறு. எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 தொடங்கும்போதே, இந்தப் பார்ட்டிஷனில் இருப்பது எதுவும் இனித் தேவையில்லை என்று டிஸ்க்குக்கு ஒரு தகவல் அனுப்பும். டிரிம் எனப்படும் இந்தத் தகவலைப் புரிந்துகொள்ளும் எஸ்எஸ்டி, அந்த இடங்களைக் காலி என்று குறித்துக்கொண்டு தன் வசதிக்கேற்பத் துடைக்கத் தொடங்கிவிடும். பிறகு படித்துப் பார்த்தால் பெரும்பாலும் பூஜ்ஜியங்களே வரும். பத்தாண்டுக்கு முந்தைய ஹார்ட் டிஸ்க் அனுபவத்தை வைத்து “ஃபார்மேட்தானே, எடுத்துவிடலாம்” என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

விண்டோஸிலும் இதே குழப்பம் உண்டு. அங்கே ‘குவிக் ஃபார்மேட்’ கணக்கை மட்டும் புதுப்பிக்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மேட், எக்ஸ்பி காலம்வரை, கெட்ட செக்டார் இருக்கிறதா என்று படித்து மட்டும் பார்த்தது. விஸ்டாவிலிருந்துதான் இடம் முழுவதிலும் பூஜ்ஜியம் எழுதுகிறது. ஒரே பெயர், இரண்டு காலத்தில் இரண்டு வேலை.

எனவே டிஸ்க்கை விற்கும் முன் வெறும் ஃபார்மேட்டை நம்பக் கூடாது. ஹார்ட் டிஸ்க் என்றால் ஷ்ரெட் அல்லது டிடி கட்டளையால் முழுக்க மேலெழுத வேண்டும். ஒரு முழுச் சுற்று போதும், ஆனால் மணிக்கணக்கில் ஆகும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் உள்ளே வைத்திருக்கும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துவது சரி.

## எந்த வகையில் ஃபார்மேட் செய்வது?

யார் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. லினக்ஸ் மட்டும் என்றால் எக்ஸ்ட்4. டிவி, கார் ஸ்டீரியோ, பிரிண்டர் என்று எதில் வேண்டுமானாலும் செருக வேண்டும் என்றால் பழைய ஃபேட்32. ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக் கூடாது, பெரிய வீடியோ ஏறாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவாகவும் பெரிய கோப்புகள் ஏறவும் வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்.

எக்ஸ்ட்4 பென் டிரைவை விண்டோஸில் செருகினால், இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி எழும்பும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ‘சரி’ அழுத்துகிறவர்கள் உண்டு. விண்டோஸ் சொல்ல வருவது இந்தக் கணக்கு தனக்குப் படிக்கத் தெரியாது என்பது மட்டும்தான். ரத்து செய்துவிட்டு லினக்ஸில் செருகினால் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

## மிச்சமிருக்கும் சில சந்தேகங்கள்

அடிக்கடி ஃபார்மேட் செய்தால் டிஸ்க் கெட்டுவிடுமா? 2 சதவீத எழுத்து. ஒரு சினிமாவை நகல் எடுப்பதைவிடக் குறைந்த உழைப்பு. ஃபார்மேட்டால் வேகம் கூடுமா? கோப்புகள் நிரம்பி மூச்சு முட்டிய டிஸ்க்கில் கொஞ்சம் கூடலாம்; செல்லரித்த ஹார்ட் டிஸ்க்கை எந்தக் கணக்குப் புத்தகமும் குணமாக்காது.

எக்ஸ்ட்4-இல் ஃபார்மேட் செய்த பிறகு நம் பென் டிரைவில் பயன்படுத்தக் கிடைப்பது 14-க்கும் சற்றுக் குறைவாகத் தெரியும். ஐநோட்டுகளும் ஜர்னலும் எடுத்தது போக, 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கு என்று எக்ஸ்ட்4 ஒதுக்கி வைக்கிறது. கணினியின் மூல டிஸ்க் நிரம்பினாலும் அடிப்படை வேலைகள் நின்றுவிடாமல் இருக்கத்தான் அது. பென் டிரைவுக்கோ படங்கள் மட்டும் வைக்கும் பெரிய டிஸ்க்குக்கோ அது தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் ‘-எம் 0’ என்று கொடுத்தால் அந்த இடம் உங்களுக்கே திரும்பிவிடும். மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு தவறான பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்துவிட்டால், அதில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. மீட்புக் கருவியை அதிலேயே நிறுவுவது, மீட்ட படங்களை அதிலேயே சேமிப்பது இரண்டும் தீயில் எண்ணெய். மவுன்ட் செய்யவும் வேண்டாம். பின்னணியில் கெர்னல் எழுதத் தொடங்கும் என்று பார்த்தோம். எஸ்எஸ்டியாக இருந்தால் கணினியை உடனே அணைத்துவிடுவது நல்லது. டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் செருகி, அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்கில் டிடிரெஸ்கியூ கட்டளையால் செக்டார் செக்டாராக ஒரு முழு நகல் எடுங்கள். மீட்பு முயற்சிகள் எல்லாம் அந்த நகலின் மேல்தான் நடக்க வேண்டும்.